பதினாறு பைட் காலி இடம்

ஹில்ஸ்பரோவில் எங்கள் சோதனைக் கூடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. இரவில் யாருடைய மாற்றத்தால் பெட்டிகள் செத்து விழுகின்றனவோ அவருடைய மேசைமேல் காலையில் ஒரு ஆரஞ்சு நிறக் கூம்பு நிற்கும். சாலையில் பள்ளம் தோண்டினால் சுற்றி வைப்பார்களே, அந்தக் கூம்பு. எவனோ குடித்துவிட்டுத் தெருவிலிருந்து தூக்கி வந்தது. அதை மேசையில் வைப்பது இரவுக்காரனின் வேலை. இரவுக்காரன் நான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை கூம்பை ரெனாட்டா பிலார்ஸ்கியின் மேசைமேல் வைத்தேன். வைக்கும்போது எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

ஃபெர்ன்லாக் நிறுவனம் செய்வது தகவல் சேமிக்கும் பெட்டிகள். மருத்துவமனைகளும் கல்லூரிகளும் வாங்கி நிலவறையில் வைத்துவிட்டு மறந்துபோகும். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வரிசை வரிசையாக வட்டுகள். அவற்றை மேய்ப்பது கெர்னல். நினைவகத்தில் எந்த இடம் யாருக்கு, எந்த வட்டில் எதை எழுதுவது என்பதெல்லாம் அதன் கையில். அது செத்தால் பெட்டியே சவம். என் வேலை அந்தப் பெட்டிகளை இரவு முழுக்க வதைப்பது. பாரம் ஏற்றுவேன், ஓடிக்கொண்டிருக்கும்போதே வட்டுகளைப் பிடுங்குவேன், திரும்பச் செருகுவேன், செத்தவை கடைசியாக அச்சடித்ததைச் சேர்த்து வைப்பேன். காலையில் பகல்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டு ரயிலேறுவேன். மனிதர்களோடு அதிகம் பேச வேண்டியதில்லை என்பதற்காகவே இந்த வேலையை எடுத்தேன்.

கெர்னலுக்குள் எதையாவது வரிசையில் நிறுத்த வேண்டுமென்றால் பெரும்பாலும் லிங்க்டு லிஸ்ட்தான். நாங்கள் சங்கிலி என்போம். வரிசையில் நிற்கும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கைகள். ஒரு கையில் அடுத்தவனின் முகவரி, மறு கையில் முந்தியவனின் முகவரி. ஒருவனை வெளியே எடுக்க வேண்டுமானால் அவனுக்கு இருபுறமும் நிற்பவர்களின் கைகளை ஒன்றோடொன்று கோத்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் அவன் நின்ற இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கலாம். கோக்காமலே இடத்தைக் கொடுத்துவிட்டால் பக்கத்து ஆள் இன்னும் பழைய கையைப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பான். அங்கே இப்போது நிற்பவன் முன்பின் தெரியாதவன். பக்கத்து ஆள் கிளம்பும்போது அந்த அந்நியன்மேல் எதையோ எழுதிவிட்டுப் போவான். எழுதியவன் போய்விடுவான். எழுதப்பட்டவன் கொஞ்ச நேரம் கழித்துச் சாவான். கெர்னல் கடைசியில் அச்சடிக்கும் பெயர் செத்தவனுடையது. கொன்றவனுடையது அல்ல.

இது எங்கள் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும், அச்சடித்த பெயரைத்தான் முதலில் பிடிப்போம்.

அந்த வாரம் பெட்டிகள் அச்சடித்தது 'சங்கிலி சிதைந்துவிட்டது' என்று. சிதைந்தது கோரிக்கைகளின் சங்கிலி. 'இந்தத் தகவலை எழுது', 'அந்தத் தகவலைக் கொடு' என்று வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் நினைவகத்தில் ஒரு சிறு கட்டம் ஒதுக்கப்படும். அந்தக் கட்டங்களின் பொறுப்பு ரெனாட்டாவினுடையது. நான் அதோடு நிற்கவில்லை. சமீபத்தில் கெர்னலுக்குள் போன மாற்றங்களை நடுவில் பிளந்து, எந்தப் பாதியில் சாவு இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பாதியை மறுபடி பிளந்து தேடினேன். தேடல் கடைசியில் ஒரே ஒரு மாற்றத்தில் போய் நின்றது. அதுவும் ரெனாட்டாவினுடையது.

சின்ன மாற்றம். கோரிக்கைக் கட்டத்தின் நடுவே பதினாறு பைட் காலி இடம் இருந்தது. பக்கத்தில் 'சீரமைப்புக்காக' என்று ஒரு குறிப்பு, அதாவது அளவு சரியாக அமைவதற்காக விட்ட இடம். அதை யாரும் படிப்பதில்லை, அதில் யாரும் எழுதுவதில்லை. லட்சக்கணக்கில் கட்டங்கள் இருக்கும் இடத்தில் இது வீண் என்று ரெனாட்டா அந்த இடத்தை எடுத்துவிட்டாள். பின்னால் இருந்தவை முன்னால் நகர்ந்தன. காலியாக இருந்த இடத்துக்குக் கட்டத்தின் சங்கிலிக் கைகள் வந்தன. அவ்வளவுதான். அந்த மாற்றத்தைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டியவர் லைல் ஹட்சின்ஸ். மாற்றம் உள்ளே போன வாரம் அவர் டெஷூட்ஸ் ஆற்றில் மீன் பிடிக்கப் போயிருந்தார். வேறொருவர் பார்த்துச் சரி சொல்லிவிட்டார்.

லைல் ஊரில் இல்லாத வாரமாகப் பார்த்து உள்ளே தள்ளியிருக்கிறாள் என்று நான் நினைத்தேன்.

ரெனாட்டா மில்வாக்கியிலிருந்து வந்தவள். ஐம்பத்தொரு வயது. வேலைக்குச் சேர்ந்து இன்னும் சோதனைக் காலத்தில் இருந்தாள். அப்படிப்பட்டவர்களின் அடையாள அட்டையில் மஞ்சள் பட்டை இருக்கும். அவளுடைய காலம் அந்த வெள்ளிக்கிழமை முடிகிறது. வேலை நிரந்தரமா, மூட்டை கட்டுவதா என்று பெவர்லி முடிவு சொல்ல வேண்டும். பெவர்லி எங்கள் பிரிவுத் தலைவி. ஐம்பத்தொரு வயதில் சோதனைக் காலத்திலேயே துரத்தப்பட்ட கெர்னல்காரியை இந்த ஊரில் வேறு எவனும் எடுக்க மாட்டான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்று காலை மழையங்கியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தவள் கூம்பைப் பார்த்தாள். தூக்கித் தரையில் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தாள். நாயைப் பக்கத்தில் உட்கார வைப்பதுபோல இருந்தது.

"எனக்கா?" என்றாள்.

"தேடல் உங்க மாற்றத்துலதான் போய் நின்னுச்சு."

"நிக்கட்டும். நான் எடுத்தது காலி இடம். காலி இடத்தை எடுத்தா எதுக்குச் சாகணும்?"

"அதைச் சொல்ல வேண்டியது நீங்க. நான் கூம்பு வைக்கிறவன்."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பிறகு செத்த பெட்டிகளின் நினைவகப் பிரதிகள் எல்லாம் வேண்டும், பழையதும் சேர்த்து வேண்டும் என்று கேட்டாள். எதற்கு என்றேன். படிக்கத்தான் என்றாள். கொடுத்தேன். அவற்றை அவள் பொது இடத்தில் வைத்துக்கொள்ளாமல் தன் சொந்த வட்டில் ஏற்றிக்கொண்டதைக் கவனித்தேன். நான் அவள் பின்னால் போனபோது திரையை மாற்றிவிட்டதையும் கவனித்தேன். மாற்றுவதற்கு முன் திரையில் இருந்தது அவளுடைய கோப்பு அல்ல. லைலின் கோப்பு.

லைல் அங்கே பன்னிரண்டு வருடமாக இருக்கிறார். நிறுவனத்தின் சொந்தக் கெர்னல் வேலையில் பாதி அவர் கைபட்டது. டிசம்பரிலும் செருப்புதான், அதற்குள் கம்பளிக் காலுறை. மழையில் சைக்கிள். யாரையும் கடிந்து பேச மாட்டார். நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன் என்பதை ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டாத ஒரே ஆள் அவர்தான். அதனால் அவர் சொன்னது எனக்கு எடுபட்டது.

காபி இயந்திரத்தின் அருகே என்னை நிறுத்தினார்.

"வெண்டல், அந்த மாற்றத்தைத் திரும்ப எடுத்துடலாம்பா. முதல்ல எடுப்போம், அப்புறம் பேசிக்கலாம். அடுத்த வாரம் புதுப் பதிப்பு வெளியீடு."

திரும்ப எடுப்பது எங்களிடம் அவமானமில்லை. பழைய நிலைக்குப் போய்விட்டு நிதானமாகத் தேடலாம். ஆனால் வெள்ளிக்கிழமை முடிவு காத்திருக்கும்போது அதற்கு வேறு அர்த்தம். நான் அதைச் சொன்னேன். லைல் கோப்பையில் சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"பாவம்தான். ஆனா அந்தம்மா முன்னால இருந்த இடத்துலயும் ஏதோ பிரச்சினையாம். நான் கேள்விப்பட்டது. சொன்னேன்னு சொல்லாதே."

சொல்லவில்லை. ஆனால் அது உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருவனைப் பார்த்திருக்கிறேன். தானே பழுதை வைத்து, தானே கண்டுபிடித்துப் பாராட்டு வாங்குவான். ரெனாட்டாவும் அந்த ரகமோ? காலி இடத்தை எடுப்பதுபோல எடுத்து, சாவை வரவழைத்து, லைலின் கோப்பிலிருந்து ஒரு வரியைக் காட்டி வெள்ளிக்கிழமைக்குள் தன் பெயரை உயர்த்திக்கொள்ளப் பார்க்கிறாளோ? பகலில் தூங்க வேண்டிய நேரத்தில் தூங்காமல் இதையே புரட்டிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை மாலை நான் வேலைக்கு வந்தபோது அவள் கூடத்து வாசலில் காத்திருந்தாள். கையில் பாதி தின்ற பரிட்டோ. வாகன நிறுத்தத்தில் நிற்கும் உணவு வண்டியில் வாங்கியது.

தனக்காக ஒரு சோதனை ஓட்டம் விட முடியுமா என்று கேட்டாள். தன் மாற்றத்தைத் திரும்ப எடுத்துவிட வேண்டும். அதாவது அந்தப் பதினாறு பைட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். பெட்டி சாகாது, எல்லாரும் எதிர்பார்ப்பது அதைத்தான். ஆனால் ஒவ்வொரு கட்டத்தைக் கொடுக்கும்போதும் அந்தக் காலி இடத்தில் ஒரு எண்ணை எழுதிவிட வேண்டும். கட்டம் திரும்பி வரும்போது அந்த எண் அப்படியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"தரையில மாவு தூவி வைக்கிற மாதிரி. யாரும் வராத அறைன்னு சொல்றாங்கல்ல. வரலன்னா மாவு கலையாது."

"கலையலன்னா?"

"தப்பு என்னோடது. நானே போய்ப் பெவர்லிகிட்ட அட்டையைக் கொடுத்துடுறேன்."

அவள் ஒரு காகிதத்தில் எழுத வேண்டிய எண்ணையும் மாற்ற வேண்டிய வரிகளையும் நீட்டினாள். வாங்கிப் பையில் வைத்தேன். அதை நான் பயன்படுத்தப் போவதில்லை. எண்ணை முன்னாலேயே தெரிந்துவைத்திருப்பவள், கலைந்ததுபோலக் காட்ட வேறு எங்காவது ஒரு வரி செருகியிருக்கலாம். லைல் மீன் பிடிக்கப் போகுமுன் இருந்த கெர்னல் பிரதியை எடுத்து, வரிகளை நானே எழுதி, எண்ணையும் நானே தேர்ந்தெடுத்தேன். நான் படிப்பை விட்ட கல்லூரி எனக்குக் கொடுத்திருந்த மாணவர் எண். உலகத்தில் யாரும் அதை மறுபடி தேட மாட்டார்கள். இரண்டு பெட்டிகளில் ஓட விட்டேன்.

விடிவதற்குள் இரண்டும் செத்திருந்தன.

அதுதான் எனக்குப் புரியவில்லை. அவள் மாற்றம் உள்ளே இல்லை. பழைய நிலையில் இந்தப் பெட்டிகள் வருடக்கணக்காகச் சாகாமல் ஓடியவை. கூடுதலாக இருந்தது என் எண் மட்டும். காலி இடத்தில் இருந்த ஒரு எண்.

கடைசி அச்சைப் படித்தேன். செத்தது ரெனாட்டாவின் சங்கிலி அல்ல. வட்டைப் பிடுங்கும்போது ஓடும் பகுதி. பிடுங்கப்பட்ட வட்டுகளின் சங்கிலி, லைல் எழுதியது. அந்தச் சங்கிலியிலிருந்து ஒன்றை எடுக்கப் போயிருக்கிறது, அதன் கையைப் பிடித்து அடுத்தவனின் முகவரியைப் படித்திருக்கிறது, அந்த முகவரிக்குப் போய் விழுந்து செத்திருக்கிறது. அது முகவரி என்று நினைத்துப் படித்தது என் மாணவர் எண்ணை.

ரெனாட்டா இதைச் செருகியிருக்க முடியாது. அந்த எண் அவளுக்குத் தெரியாது.

ஆக, லைலின் வட்டுகளில் ஒன்று, நினைவகத்தில் தனக்கிருந்த இடத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகும் சங்கிலியில் நின்றுகொண்டிருக்கிறது. அந்த இடம் ரெனாட்டாவின் கோரிக்கைக்குப் போய்விட்டது. வட்டின் கைகள் இருந்த அதே இடம்தான் கோரிக்கையில் அந்தக் காலிப் பதினாறு பைட். காலி இடத்தை யாரும் துடைப்பதில்லை என்பதால் பழைய கைகள் அங்கே அழியாமல் அப்படியே கிடந்திருக்கின்றன. லைலின் சங்கிலி அவற்றைப் பிடித்தே நடந்து போயிருக்கிறது. இறந்தவனின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடப்பது மாதிரி. ரெனாட்டா அந்த இடத்துக்குத் தன் கைகளை நகர்த்திய பிறகு லைலின் சங்கிலி அவற்றின்மேல் எழுத ஆரம்பித்திருக்கிறது.

தப்பு என்பது இவ்வளவுதான். தப்பு யாருக்கும் வரும். எனக்கு உறுத்தியது வேறு. வட்டின் கைகளுக்கு நேராக, அவற்றின் அளவுக்குச் சரியாக, அங்கே ஏன் ஒரு காலி இடம் இருந்தது?

வியாழக்கிழமை காலை கட்டடத்துக்கு வெளியே சைக்கிள் நிறுத்தும் கூரைக்கடியில் நின்றேன். ரெனாட்டாவிடமோ பெவர்லியிடமோ இன்னும் எதுவும் சொல்லவில்லை. ஃபிர் மரங்களிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. லைல் வந்தார், காலுறை நனைந்திருந்தது. சைக்கிளைப் பூட்டக் குனிந்தவரிடம், ரெனாட்டாவின் மாற்றத்தைத் திரும்ப எடுத்துவிட்டு ஓட விட்டேன், அப்படியும் பெட்டிகள் செத்தன என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

லைலின் கை பூட்டில் நின்றது.

"அந்தக் காலி இடத்துல எதையாவது எழுதினியா?" என்றார்.

நான் தலையாட்டினேன்.

"அதுல எழுதக் கூடாதுப்பா. சும்மா விட்டுடணும்."

"சீரமைப்புக்கு வச்ச காலி இடம்தானே. எழுதினா என்ன?"

அவர் நிமிர்ந்தார். தான் என்ன கேட்டோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். சட்டையும் ஈரம்.

"உள்ளே போவோம்" என்றார்.

 எட்டு வருடமாக இவர்மேல் மட்டும்தான் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை என்று நினைத்துக்கொண்டே பின்னால் போனேன். அந்தம்மாவைப் பற்றிக் 'கேள்விப்பட்டது' எங்கிருந்து என்று கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்கவில்லை.

பெவர்லியின் அறையில் நாங்கள் நான்கு பேர். பெவர்லியின் மேசையில் காலைச் சாப்பாடான பிஸ்கட்டும் கிரேவியும் ஆறிக்கொண்டிருந்தன. திரும்ப எடுக்கும் கட்டளையை அவள் ஏற்கெனவே தயாராக வைத்திருந்தாள். காலை பத்து மணிக்குள் அனுப்பிவிட்டால் வெளியீடு தவறாது. ரெனாட்டா சுவரோரம் நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அட்டையின் மஞ்சள் பட்டையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டிருந்தாள்.

நான் நடந்ததைச் சொன்னேன். அவள் கொடுத்த காகிதத்தைப் பயன்படுத்தவில்லை என்பதையும் சொன்னேன். ரெனாட்டா என் பக்கம் திரும்பினாள். லைல் கேட்ட கேள்வியைக் கடைசியில் சொன்னேன். அதைச் சொல்லும்போது என் பார்வை லைல்மேல் இல்லை, பெவர்லிமேல் இருந்தது.

பெவர்லி கரண்டியைக் கீழே வைத்தாள். "லைல், இவன் சொல்றது சரியா?"

"சரி."

"தெரிஞ்சே வச்சியா?"

லைல் விளக்கினார். ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதே சாவு வந்தது. அப்போதும் வெளியீட்டுக்கு இரண்டு வாரம். அச்சில் வந்தது கோரிக்கைச் சங்கிலி. கோரிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் வேறொருவன், இப்போது இல்லை. இருவரும் இரவும் பகலும் தேடியும் கிடைக்கவில்லை. ஒருநாள் சோதனைக்காகக் கட்டத்தின் நடுவே கொஞ்சம் இடம் விட்டுப் பார்த்தார்கள். சாவு நின்றது. எங்கே எழுத்து விழுகிறதோ அங்கே இடத்தைக் காலியாக விட்டுவிட்டால் போதும், விழுந்துவிட்டுப் போகட்டும். அதைத் துடைத்தால் மட்டும் மறுபடி சாகிறது, அதனால் துடைக்காமல் விட்டார்கள். பிறகு சாவகாசமாகத் தேடலாம் என்றிருந்தது. அடுத்த வெளியீடு வந்தது. அதற்கடுத்தது வந்தது.

"எழுதுறது உன் சங்கிலின்னு எப்போ தெரியும்?" என்று பெவர்லி கேட்டாள்.

"தெரியாது. நிஜமா தெரியாது."

"சந்தேகம்?"

லைல் தன் காலுறையைப் பார்த்தார். "அங்க போய்ப் பார்க்கல. அவ்வளவுதான்."

சுவரோரம் நின்ற ரெனாட்டா அப்போது பேசினாள். குரல் உயரவில்லை.

"என் கூம்பை ரெண்டு நாளா பார்த்துக்கிட்டேதானே போனீங்க."

லைல் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார். 

தப்பான வரியைக் கண்டுபிடிக்க ரெனாட்டாவுக்கு மதியம்கூட ஆகவில்லை. ஏற்கெனவே லைலின் கோப்பில்தான் தேடிக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை நான் அவள் திரையில் பார்த்தது அதுதான். வட்டு பிடுங்கப்படும்போது அதன் இடத்தை முதலில் திருப்பிக் கொடுக்கிறார்கள், அதற்குப் பிறகு சங்கிலியிலிருந்து எடுக்கிறார்கள். நடுவே கண் இமைக்கும் நேரம். அந்த நேரத்தில் அந்த இடம் வேறொருவனுக்குப் போய்விட்டால் தீர்ந்தது. இரண்டு வரிகள், இடம் மாறிக் கிடந்தன. மேலே இருப்பதைக் கீழே, கீழே இருப்பதை மேலே வைத்தாள்.

மாற்றத்தோடு, என்ன தப்பு, அது எந்தப் பழைய மாற்றத்திலிருந்து வந்தது என்று நாலு வரி எழுத வேண்டும். அது எங்கள் எல்லாருக்கும் கட்டாயம். பெவர்லி அதைப் படித்துவிட்டு ரெனாட்டாவின் மேசைக்கே வந்தாள். நான் என் பையை மாட்டிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பியவன், நின்றேன்.

வாடிக்கையாளர்கள் இதையெல்லாம் படிப்பார்கள், ஒன்பது வருடமாக இருந்தது என்று தெரிந்தால் எந்த மருத்துவமனையும் சும்மா இருக்காது என்றாள் பெவர்லி. வரிகள் இரண்டும் மாறட்டும், அதில் மாற்றமில்லை. குறிப்பை மட்டும் சுருக்கலாம். ஒழுங்குபடுத்தினோம் என்று ஒரு வரி போதும்.

"அப்படி எழுதிட்டா இன்னைக்கே உன் அட்டையை மாத்திடலாம், ரெனாட்டா. வெள்ளிக்கிழமை வரைக்கும் போகவே வேணாம்."

ரெனாட்டா விசைப்பலகைமேல் வைத்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் அவள் ஒத்துக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன்.

"சீரமைப்புன்னு ஒரு வார்த்தை எழுதித்தான் அந்த இடம் உள்ளே வந்துச்சு, பெவர்லி. இன்னொரு வார்த்தையை நான் எழுத மாட்டேன்."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சாச்சு. இதை ஏத்துக்காட்டி, திரும்ப எடுக்கிற கட்டளையை அனுப்புங்க. காலி இடம் மறுபடி வரும். அதுக்குக் கீழ உங்க பேரைப் போடுங்க. என் பேரு வேணாம்."

 கூம்பு இன்னும் ரெனாட்டாவின் காலடியில் இருந்தது. பெவர்லி அதைத் தாண்டிக்கொண்டு போய்விட்டாள். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அவளுக்கும் வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தெரிந்த பிறகு காலி இடத்தின் கீழே தன் பெயரைப் போட எவள் துணிவாள்? ஆனால் பெவர்லியைப் பற்றி எனக்கு நிச்சயமாக எதுவும் தெரியாது. அன்று பகல் முழுக்க, அவள் வேறு யாரையாவது வைத்து அந்த நாலு வரியை மாற்றிவிடுவாள் என்றே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

வியாழன் இரவு முழுக்க மாற்றம் உள்ளே போகாமலே கிடந்தது. வெள்ளிக்கிழமை மாலை வந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தேன். மாற்றம் உள்ளே போயிருந்தது. நாலு வரியும் எழுதியபடியே இருந்தன. பார்த்துச் சரி சொன்னவர் என்ற இடத்தில் லைலின் பெயர். அந்தப் பெயரை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தன் தப்பைத் திருத்தியதற்குத் தானே சரி சொல்லியிருக்கிறார். நல்ல மனது என்று எடுத்துக்கொள்ளலாம். கூடுதலாக யாரும் தோண்டாமலிருக்கச் சீக்கிரம் மூடிவிட்டார் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

ரெனாட்டா கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தாள். அட்டையில் பட்டை இல்லை. வெள்ளை அட்டை.  குனிந்து கூம்பைத் தூக்கி என்னிடம் நீட்டினாள்.

"இது உன் வேலை."

வாங்கிக்கொண்டு போய் லைலின் மேசைமேல் வைத்தேன். லைல் போய்விட்டிருந்தார். சைக்கிள் மட்டும் கூரைக்கடியில் நிற்பதை ஜன்னல் வழியே பார்த்தேன். ரயிலில் போயிருப்பார், அல்லது கட்டடத்துக்குள்ளேயே எங்காவது இருக்கிறார்.

திரும்பி வந்தபோது ரெனாட்டா கூடத்துக்குள் நின்றாள். கடைசி வரிசையில் ஒரு பெட்டியைக் காட்டினாள். புதன்கிழமை இரவு அதுவும் ஓடிக்கொண்டிருந்தது. பழைய பாரச் சோதனை என்று சீட்டு ஒட்டியிருந்ததால் நான் அதைத் தொடவில்லை.

"அதுல என் எண்ணை வச்சு நானே ஒரு ஓட்டம் விட்டிருந்தேன். நீ என் காகிதத்தைப் பயன்படுத்த மாட்டேன்னு தெரியும். உன் ஓட்டத்தை நீ மறைச்சிடுவியோன்னும் இருந்துச்சு. நீயும் லைலும் ஒண்ணா காபி குடிக்கிறவங்க."

"அதுவும் செத்துச்சா?"

"உன்னதுக்கு முன்னாடியே."

"அப்போ அறையில ஏன் சொல்லல?"

"நீ சொல்றியான்னு பார்த்தேன்."

இதற்கு நான் கோபப்பட்டிருக்க வேண்டும். கோபம் வரவில்லை. அவள் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். அவள் வாசல்வரை போய்விட்டுத் திரும்பினாள்.

"வெண்டல், அந்த ஆள் வேற எங்கெல்லாம் 'சீரமைப்புக்காக'ன்னு எழுதியிருக்காரு?"

"நேத்து ராத்திரியே தேடிட்டேன். இன்னும் நாலு இடம். எல்லாத்துலயும் எண் நிரப்பி, பெட்டிகளை இப்பத்தான் கிளப்பிவிட்டேன்."

"எந்த எண்?"

"சொல்ல மாட்டேன்."

"நல்லது. சொல்லாதே" என்று சொல்லிவிட்டு, மழையங்கியின் தலைமறைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள்.